திரும்பி வராத குட்டிகள்

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு மிருக டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவரிடம் கூட்டம் இருந்தது, இன்னொருவரிடம் படிப்பு இருந்தது. இருவரும் புருஷன் பெண்டாட்டி என்பதால் வாசலில் ஒரே போர்டு போதுமானதாக இருந்தது.

உள்ளே நுழைந்ததும் ஒரு ஹால். சுவரோரம் பெஞ்சுகள், மூலையில் எடை பார்க்கும் மெஷின், பினாயில் வாசனையும் ஈரநாய் வாசனையும் கலந்த காற்று. வலப்பக்கத்து அறை அவருடையது, இடப்பக்கத்து அறை அவளுடையது. நடுவில் மேஜை போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவருடைய தங்கை, அதாவது அவளுக்கு நாத்தனார். பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் கழுத்தை வலப்பக்கம் திருப்பியபடியே உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் தாங்காமல் போனால் நாத்தனார், "அண்ணியும் டாக்டர்தாங்க, அங்க போனா சீக்கிரம் ஆயிடும்" என்பாள். கடையில் விற்காத சரக்கைத் தள்ளிவிடுகிற குரல் அது. "பரவாயில்லைங்க, நாங்க இருக்கோம்" என்று பதில் வரும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே வார்த்தை. கைராசி. அவர் கைராசிக்காரர். கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. அவள் எல்லாப் பாடத்திலும் முதல், அவர் முட்டிமோதித் தேறியவர். ஆனால் கடிக்க வரும் நாய் அவர் விரல் பட்டதும் காதை மடக்கிக்கொண்டு படுத்துவிடும். பேராசிரியரையே பிறாண்டிய பூனை அவர் மடியில் தூங்கியிருக்கிறது. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளும் கழுத்தை நீட்டினாள். அதனால் கைராசியை நம்பின ஜனங்களை மட்டும் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை.

அவருடைய பேரைத் தூக்கி நிறுத்தியது ஒரு சிவப்பு ஊசி. குட்டி நாய்களுக்கு ஒரு ரத்தக் கழிச்சல் வரும். வாந்தியும் ரத்தமுமாகப் போய், பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டி துணியாகத் துவண்டுவிடும். அதற்கு அவர் ஒரு கலவை வைத்திருந்தார். ரத்தம் உறைய ஒன்று, வீக்கம் வற்ற ஒன்று, வலிக்கு ஒன்று, தெம்புக்கு வைட்டமின். சிவப்பு அந்த வைட்டமினுடைய நிறம். ஊசியைப் போட்டுத் தடவிக்கொடுத்து, "நாளைக்குத் தூக்கிட்டு வாங்க" என்பார். மறுநாள் வந்த குட்டிகள் பெரும்பாலும் கண்ணைத் திறந்து பார்த்தன. வராத குட்டிகளும் இருந்தன. நோட்டில் அவற்றுக்கு நேரே "வரலை" என்று எழுதிக்கொள்வார்கள். வரலை என்றால் குட்டி நன்றாகிவிட்டது, அலைச்சல் எதற்கென்று விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. மிருக வைத்தியம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அது தானாகவே அப்படித்தான் அர்த்தமாகும். அவளும் வருஷக்கணக்காக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பேங்க் வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு தையல்காரர் நின்றார். ரத்தக் கழிச்சலோடு இருந்த குட்டியைத் தூக்கிவந்தவர். ஒரே ஒரு நாள் வந்தார், அப்புறம் வரவில்லை. அவளைப் பார்த்ததும் மனுஷர் கடன்காரனைக் கண்டமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குட்டி எப்படி இருக்கு?" என்று அவளே கேட்டாள்.

"அது அன்னிக்கே போயிடுச்சும்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. எவ்வளவு ஆசையா தடவிக்குடுத்தாரு. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குட்டி செத்ததற்காக இல்லை. குட்டிகள் சாவது புதிதில்லை. டாக்டர் மனசு நோகக் கூடாதென்று ஒருவர் ஒதுங்கிப்போயிருக்கிறார், அதை அவர்கள் குணமானவர்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். இப்படி எத்தனை பேர் ஒதுங்கியிருப்பார்கள்? இந்த ஊரில் மட்டுமா? அந்தத் தையல்காரருடைய மரியாதைதான் அவள் நிம்மதியைக் குலைத்தது என்று சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் அவள் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். முதலில் கூடப் படித்தவர்கள் சிலர். பேர், "எப்படித் தெரியும்?" ஒருவர் ஒரு வைத்தியத்தைச் சொன்னால் மற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். சட்டங்களும் போட்டாள். புத்தகத்தில் படித்ததா, ஆய்வில் வந்ததா, சொந்த அனுபவமா என்று சொல்லாமல் எதையும் எழுதக் கூடாது. சொந்த அனுபவம் என்றால் பிழைத்தவற்றோடு செத்தவற்றையும் எழுத வேண்டும், வராதவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். பிறத்தியார் சொன்னதைக் கேட்டு எழுதக் கூடாது, செய்தவரே வந்து சொல்ல வேண்டும். தெரியாது என்று ஒத்துக்கொள்கிறவரை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது.

ஆரம்பத்தில் சட்டத்தை மதித்தவர்களைவிட ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பியவர்களே அதிகம். ஒருத்தர் மனை விற்பனை விளம்பரம் போட்டார். இன்னொருத்தர் மைத்துனர் கல்யாணப் பத்திரிகையைப் போட்டார். அவள் ஒவ்வொன்றாக எடுத்தெறிந்தாள். சீக்கிரமே அவளுக்கு "ஹெட்மிஸ்ட்ரஸ்" என்று பட்டப்பேர் விழுந்தது. அவளுக்கு அதில் உள்ளூர சந்தோஷம்தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மூடியிருக்கிற நேரத்தில் அவள் இங்கிலீஷில் வந்த ஆய்வுகளைப் படித்து, நல்ல தமிழில் சுருக்கி எழுதுவாள். எத்தனை பிராணிகளைப் பார்த்தார்கள், எதோடு எதை ஒப்பிட்டார்கள், எவ்வளவு தூரம் நம்பலாம் என்றெல்லாம் இருக்கும். கடைசியில், "சின்ன ஆய்வு, கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள்" என்று ஒரு எச்சரிக்கையும் இருக்கும். வாந்தி எடுக்கிற குட்டிக்கு வயிற்றைக் காயப்போடு என்றுதான் எல்லாரும் படித்திருந்தார்கள். அப்படியில்லை, சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமாக ஆகாரம் கொடுத்தால் நல்லது என்று அவள் எழுதினாள். பெரிய சண்டை நடந்தது. சண்டைக்குப் பிறகு, எங்கோ மலைப்பக்கத்தில் தனியாக வேலை பார்த்த ஒரு டாக்டர், "மேடம், குட்டி சாப்பிட்டுடுச்சு" என்று எழுதினார். அவள் அதைக் கணவரிடம் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினாள்.

"நல்லா இருக்கே" என்றார் அவர், டிவியில் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவரும் அந்த குரூப்பில் இருந்தார். ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் படித்துவிடுவார், நீல டிக் காட்டிக்கொடுத்துவிடும். வெளியூரில் ஆயிரம் பேர் மேடம் மேடம் என்று கொண்டாடுவதைவிட, வலப்பக்கத்து அறையிலிருந்து ஒரே ஒரு வரி வர வேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். "நீ சொல்றது சரி" என்று ஒரு வரி. இதை அவள் வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டாள், ஆனால் விஷயம் அதுதான்.

குரூப் வளர்ந்தபோது அவளுக்குத் தோள் கொடுத்தவர் ஒருத்தர். வேறு ஊரில் கால்நடை அலுவலகத்தில் வேலை. எதற்கெடுத்தாலும் சதவீதம் போட்டுப் பேசுவார் என்பதால் "புள்ளிவிவரம்" என்று பேர். எழுதுகிற ஒவ்வொன்றின் கீழும் "என்றும் கற்றுக்கொள்ளும் மாணவன்" என்று போட்டுக்கொள்வார். அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

ரத்தக் கழிச்சலில் உண்மையில் எத்தனை குட்டி பிழைக்கிறது என்று எல்லாருமாகச் சேர்ந்து பார்த்துவிடலாம் என்பது இருவரும் போட்ட திட்டம். ஒவ்வொருவரும் அவரவர் "வரலை"களுக்குப் போன் போட வேண்டும். அப்படியென்றால் அவள் முதலில் தன் வீட்டுக்குள் போன் போட வேண்டும். சிவப்பு ஊசி வாங்கிக்கொண்டு திரும்பி வராதவர்களுக்குப் போன் போட வேண்டும்.

கணவரிடம் கேட்டாள். அவர் சிரித்தார். "தாராளமா பண்ணிக்கோ. எனக்கென்ன பயம்?"

அந்தச் சிரிப்பில் கபடமே இல்லை. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்கு ஆசையாகக் காத்திருக்கிற பையனைப்போல, ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது, "என்ன, எத்தனை பேர் கிடைச்சாங்க?" என்று அவரே விசாரித்தார். 

போன் எடுத்தவர்களில் சிலருக்கு அந்தக் குட்டி ஞாபகமே இல்லை. சிலர், "ஓ, நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்றார்கள். மற்றவர்கள் முதலில் தயங்கினார்கள். அப்புறம், "டாக்டர் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி வந்தாலே குட்டி செத்துவிட்டது என்று அவளுக்குப் பழகிவிட்டது. ஒரு அம்மாள், "நாங்க லேட்டா கொண்டுவந்தது எங்க தப்பு, டாக்டர் மேல ஒண்ணும் இல்லை" என்று அழுதாள். வராதவர்களில் பாதிக்குமேல் அப்படித்தான் முடிந்தது. அவளுடைய அறையில் நாள்கணக்கில் டிரிப் ஏற்றி ஆகாரம் கொடுத்துப் பார்த்தவை கொஞ்சம்தான், ஆனால் அவற்றில் பிழைத்தவை அதிகம். ஊசியை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவற்றை அந்த ஊசி காப்பாற்றவில்லை. பிழைக்க வேண்டியவை ஊசி இல்லாமலும் பிழைத்திருக்கும்.

எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்து, பூசி மெழுகாமல் அப்படியே சொன்னாள். அவர் கையில் சாப்பாட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே" என்றார்.

"உங்க மனசு கஷ்டப்படும்னுதாங்க சொல்லலை."

"உன்கிட்ட மட்டும் சொன்னாங்களா?"

"நான் கேட்டேன்."

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். வரும்போது முகம் மாறியிருந்தது. "சரி, நமக்குத் தெரிஞ்சுபோச்சு. இதோட விட்டுடு. குரூப்ல போடாதே."

"எல்லாரையும் போடச் சொல்லிட்டு நம்மளை மட்டும் எப்படிங்க மறைக்கறது?"

"போடாதேன்னு சொல்றேன், டாக்டர்."

கோபம் வந்தால் மட்டும் அவர் அவளை டாக்டர் என்று கூப்பிடுவார். இரண்டு நாள் அவள் சோறு இறங்காமல் உழன்றாள். போட்டால் வீடு போகும், போடாவிட்டால் குரூப் வெறும் ரோஜாப்பூ. கடைசியில் போட்டாள். யார் என்று சொல்லவில்லை, எந்த ஊர் என்று சொல்லவில்லை. சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இல்லை இது, இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது என்றும் நேர்மையாக எழுதினாள். ஆனால் சிவப்பு ஊசி என்று ஒன்று உலகத்தில் யாரிடம் இருக்கிறது என்று தெரியாத டாக்டரே கிடையாது.

முதல் நாள் கைதட்டல். துணிச்சல், முன்மாதிரி என்றெல்லாம் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். "அடுத்து யார்?" என்று அவள் கேட்டதும் குரூப்பில் ஈயாடவில்லை. ஒருத்தருக்கு இடமாற்றம், ஒருத்தருக்கு மாமனார் வீட்டு விசேஷம். புள்ளிவிவரம் தனியாகப் பேசினார். "என் போன் தண்ணியில விழுந்துடுச்சு மேடம். நம்பர் எல்லாம் போயிடுச்சு." பேசியது அதே போனிலிருந்துதான்.

அடுத்த வாரம் பேச்சு திரும்பியது. வீட்டு விஷயத்தை இப்படியா சந்திக்கு இழுப்பது என்று ஒரு சீனியர். கட்டின புருஷனையே விட்டுவைக்காதவங்க நம்மளை விடுவாங்களா என்று இன்னொருவர், சிரிக்கிற பொம்மையோடு. ஒவ்வொருவராகக் கம்பி நீட்டினார்கள். சில நாளில் புதிதாக ஒரு குரூப் கிளம்பியது. பேர், "அனுபவ முத்துக்கள்". மரியாதைக்கு அவளையும் அதில் சேர்த்திருந்தார்கள். நடத்துகிறவர், என்றும் கற்றுக்கொள்ளும் மாணவன். கௌரவ ஆலோசகர், சிவப்பு ஊசி டாக்டர். அந்தப் பதவியை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வலப்பக்கத்து அறையில் ஒரு ஆள்கூடக் குறையவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு வருகிற ஜனங்கள் எந்த குரூப்பிலும் கிடையாது. குறைந்தது இடப்பக்கம்தான். புருஷன் ஊசியைப் பழிக்கிறாளாம் என்று காதும் காதும் வைத்தாற்போல் யாரோ ஹாலில் பரப்பியிருந்தார்கள். யாரோ என்ன, நாத்தனார்தான். "நான் எங்க சொன்னேன் அண்ணி, அவங்களா பேசிக்கறாங்க" என்று சாதித்தாள். வீட்டுக்குள் பேச்சு உப்பு, போன் பில், பால் என்ற அளவில் நின்றுபோனது. அவர் அவள் அறைப்பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை.

பிறகு ஒரு வினோதம் நடந்தது. வலப்பக்கத்திலிருந்து குட்டிகள் இடப்பக்கம் வர ஆரம்பித்தன. "ஊசி போட்டாச்சு. டாக்டர் இங்க டிரிப் ஏத்திக்கச் சொன்னாரு" என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்றிரண்டு இல்லை, ரத்தக் கழிச்சல் அத்தனையும். கைராசிக்காரர் சொல்லிவிட்டார் என்பதால் மணிக்கணக்காகப் பொறுமையாக உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் அவள் தலையால் தண்ணீர் குடித்தாலும் ஒருத்தர் உட்கார மாட்டார். அவள் டிரிப் ஏற்றினாள், வாந்தி நிற்க மருந்து கொடுத்தாள், ஸ்பூனில் ஆகாரம் கொடுத்தாள். குட்டிகள் பிழைத்தன. பிழைத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வலப்பக்கம் போய்க் கும்பிட்டார்கள்.

எதற்காக அனுப்புகிறார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு மத்தியானம் டிரிப் ஊசி தீர்ந்துபோய் அவர் அறைக்கு எடுக்கப் போனாள். அவர் அடுத்த ஆளுக்காக சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். டிரேயில் ஒரே ஒரு பாட்டில். வைட்டமின். கலவைக்கு வேண்டிய மற்ற மருந்துகள் அலமாரியிலேயே இல்லை.

"மத்ததெல்லாம் எங்கே?"

அவர் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. "போடறதில்லை."

"எப்போலேருந்து?"

"நீ போன் போட்டு முடிச்சதிலேருந்து" என்றார், சிரிஞ்சைத் தட்டிக் காற்றை எடுத்துக்கொண்டே. "நீ சொன்னதுக்கப்புறம் அந்தக் கண்றாவியைப் போட மனசு வரலை."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குரூப்பில் அவளை நாறடித்தபோது, நாத்தனார் ஜாடை பேசியபோது, முகம் கொடுத்துப் பேசாமல் அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது, எல்லா நேரத்திலும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் இத்தனை நாளாக ஏங்கின ஒரு வரி இதோ கிடைத்துவிட்டது. கிடைத்தது சாத்தின கதவுக்குள்ளே.

"அப்படின்னா அதை எழுதுங்க. ஒரே ஒரு வரி."

"எதுக்கு? உன் ரூமுக்குத்தான் அனுப்பறேனே. குட்டி பிழைக்குதுல்ல? உனக்கு என்ன வேணும், குட்டி பிழைக்கணுமா, நான் தோக்கணுமா?"

 இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. அவள் டிரிப் ஊசியை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்துவிட்டாள். குட்டி பிழைக்கிறது, போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். யாரும் சொல்லாவிட்டால் என்ன, தனக்குத் தெரியும் என்று இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். இருந்திருப்பாள், புள்ளிவிவரம் மட்டும் சும்மா இருந்திருந்தால்.

அவர் சும்மா இருக்கவில்லை. "அனுபவ முத்துக்கள்" சார்பில் சிவப்பு ஊசியை ஆராய்ந்தார். எப்படி ஆராய்ந்தார்? அவள் சொல்லிக்கொடுத்தபடியே. சமீபத்தில் வந்தவர்கள், வராதவர்கள் எல்லாருக்கும் போன் போட்டார். நாத்தனார் கண்ணும் கருத்துமாக நம்பர் எடுத்துக் கொடுத்தாள். முடிவு பிரமாதமாக வந்தது. சிவப்பு ஊசி போட்ட குட்டிகள் முக்கால்வாசிக்குமேல் பிழைத்திருந்தன. அதில் ஒரு பொய் கிடையாது. டிரிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஜனங்களுக்கு ஞாபகம் இருந்தது ஊசிதான். அதன் கீழே அவளுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தார், இந்த முறையை உருவாக்கித் தந்த மேடத்துக்கு என்று.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு வரியும் அவள் கற்றுக்கொடுத்தது. குறை சொல்ல ஒரு இடம் இல்லை, எல்லாமே தப்பு. கீழே டாக்டர்கள் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். கலவையில் என்னென்ன, எவ்வளவு, எங்கள் ஊரில் டிரிப் ஏற்ற வசதி இல்லை, இதை மட்டும் போட்டால் போதுமா? போதும் என்று புள்ளிவிவரம் பதில் போட்டிருந்தார், பழைய கலவையின் அளவுகளோடு. மலைப்பக்கத்து டாக்டரும் கேட்டிருந்தார். குட்டி சாப்பிட்டுவிட்டது என்று எழுதிய அதே டாக்டர்.

அவள் நேரே வலப்பக்கத்து அறைக்குப் போனாள். "இப்போ எழுதியே ஆகணுங்க. அவங்க டிரிப் போடறதை நிறுத்திட்டு இதைப் போடுவாங்க. எத்தனை குட்டி சாகும்னு உங்களுக்குத் தெரியும்."

"பார்க்கலாம்."

"என்ன பார்க்கலாம்?"

"நான் அவர்கிட்ட தனியா பேசறேன். நீ கொஞ்சம் சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். ஒவ்வொரு மத்தியானமும், "பேசினீங்களா?" என்று கேட்டாள். பேசறேன், இன்னிக்கு முடியலை, அவர் போனை எடுக்கலை என்று நாள் போனது. முத்துக்களில் நல்ல செய்திகள் வந்துகொண்டிருந்தன. நான் மூன்று குட்டிகளுக்குப் போட்டேன், இரண்டு வரவில்லை, குணமாகிவிட்டன என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அவள் தன் சட்டத்தைத் தானே உடைத்தாள். பிறத்தியார் சொன்னதை எழுதக் கூடாது, செய்தவரே வந்து சொல்ல வேண்டும் என்ற சட்டம். இரண்டு குரூப்பிலும் எழுதினாள். அந்த ஊசியில் இப்போது இருப்பது வைட்டமின் மட்டும்தான். குட்டிகளைப் பிழைக்க வைப்பது டிரிப்பும் ஆகாரமும். தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள். என் கணவர் என்னிடம் சொன்னது இது.

எப்படித் தெரியும் என்று உடனே கேட்டார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அவர் வந்து சொல்லட்டுமே என்றார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். பொறாமை என்று ஒருத்தர் எழுதினார், அது மட்டும்தான் நியாயமில்லாதது. அவள் வெளியே நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கிற சத்தத்துக்கு நடுவில், தன் அறையில் நின்றபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் குரூப்பில் அவர் எழுதுகிறார்.  என்ன இருந்தாலும் நல்ல மனுஷர், விட்டுக்கொடுத்துவிட மாட்டார் என்று நினைத்தாள்.

வந்தது. "அனைவரும் மன்னிக்கவும். என் மனைவிக்குச் சில காலமாக உடல்நிலையும் மனநிலையும் சரியில்லை. ஓய்வு தேவைப்படுகிறது. அவர் எழுதியதைப் பெரிதுபடுத்த வேண்டாம்."

மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அவளை அவர் என்றுதான் போட்டிருந்தார். உடனே கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன. மேடம் சீக்கிரம் குணமடைய வேண்டும் என்றார்கள். உங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம் டாக்டர் என்றார்கள். மலைப்பக்கத்து டாக்டர், "உடம்பைப் பார்த்துக்குங்க மேடம்" என்று எழுதினார்.

அறைக் கதவு திறந்தது. நாத்தனார் என்று நினைத்தாள். அவர் நின்றார். அந்தப் பழைய பதிவுக்குப் பிறகு அவர் இந்த அறைக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. கையில் ஒரு குட்டி, துணிபோலத் துவண்டு கிடந்தது. உள்ளே வந்து காலால் கதவைத் தள்ளிச் சாத்தினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரொம்ப வத்திப்போயிருக்கு. நரம்பே கிடைக்கலை" என்றார். "உன்னாலதான் முடியும்."

அவள் குட்டியை வாங்கவில்லை. "கதவைத் திறந்துட்டு சொல்லுங்க."

"என்னது?"

"இப்போ சொன்னதை. கதவைத் திறந்துட்டு சொல்லுங்க."

அவர் கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஹால் நிறைய ஆள்கள். பேச்சுச் சத்தம் உள்ளே கேட்டது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அப்புறம் குட்டியை அவள் முன்னால் மேஜையில் கிடத்தினார்.

"நேரமாக்காதே" என்றார். "செத்துடும்."

அது உண்மை. குட்டியின் ஈறு வெளுத்திருந்தது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவள் போனை இழுப்பறையில் போட்டுவிட்டு, முன்காலில் ரோமத்தைச் சிரைத்து, நரம்பைத் தடவித் தேடினாள். கிடைத்தது. டிரிப் சொட்ட ஆரம்பித்தது. அவர் அதுவரை நின்று பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். குட்டிக்குச் சொந்தக்காரர் எழுந்து ஓடிவந்து ஏதோ கேட்டார்.

"பயப்படாதீங்க" என்று அவர் சொல்வது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "ஊசி வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு."